கத்த மட்டும் தெரிந்த மஞ்சள் பெட்டி

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்த அதிகாரி, தேன் பாட்டிலையும் சாக்லேட்டையும் கண்டுகொள்ளவே இல்லை. அவருடைய கண் நேராக மஞ்சள் பெட்டியின் மேல் விழுந்தது. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மடித்து வைத்த ஆன்டெனா, மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.

“இது என்னங்க மேடம்?”

மலையிலோ கடலிலோ தனியாக மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்கும் கருவி, ஆன்டெனாவை நிமிர்த்திப் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு இடத்தைச் சொல்லிவிடும், பெயர் பீக்கன் என்றேன். செயற்கைக்கோள் என்றதும் அவர் முகம் மாறியது. இன்னொருவரை அழைத்தார். பாம்பென்று அடிக்கவும் முடியாமல், பழுதென்று தாண்டவும் முடியாமல் இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“இதுல பேச முடியுங்களா?”

“பேச முடியாது சார். இதுக்குக் கத்த மட்டும்தான் தெரியும்.”

மீட்பு மையத்தில் கருவியைப் பதிந்த கடிதத்தைக் காட்டினேன். இருபது நிமிடம் கழித்து, “பார்த்து வச்சுக்குங்க” என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, பதினோரு வருடமாக இருப்பது நியூசிலாந்தில். எங்கள் தூத்துக்குடியில் இப்படி நிறுத்தி வைத்திருந்தால் அதட்டல் இல்லாமல் நடந்திருக்காது. இங்கே சந்தேகப்படுவதற்குக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

அந்தப் பெட்டி என்னுடையது அல்ல. கவிதாவுடையது. அவள் கோவைக்குப் பக்கத்துக் காரமடைக்காரி, நான் இருக்கும் அதே கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. விடுமுறை நாட்களில் நானும் அவளும் மலைப்பாதைகளில் நடப்போம். போன பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல், அவள் மட்டும் போனாள். ஓடை ஒன்றைத் தாண்டும்போது கால் வழுக்கிப் பாறை இடுக்கில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. போனுக்குச் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கு. பட்டனை அழுத்தினாள். மூன்று மணி நேரத்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது.

கால் சேர்ந்துவிட்டது. சேராதது அவளுடைய அப்பா. அன்றிலிருந்து நாலு மாதமாக மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்றதும் கவிதா பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “அக்கா, நாலு நாள் எங்கூட்டுல தங்கிட்டுப் போங்க. அவருகிட்ட மனுசங்க பேசிப் பிரயோசனமில்லை. ஒரு மிசினைக் கையில குடுத்தாத்தான் வாயைத் தொறப்பாரு” என்றாள். அப்பாவை என்னிடம் பேச வைத்து, அப்படியே அவளிடமும் பேச வைப்பது என் வேலை. இதற்காக முப்பது மணி நேரம் பயணம் செய்திருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் நாள் பீளமேட்டில் ஒரு லாட்ஜில் தூங்கி எழுந்தேன். மாலையில் பக்கத்து பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும். கல்லூரி முடிந்து வந்த கூட்டம் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றபடியே தேர்வையும் காதலையும் ஒரே குரலில் அலசிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ஐந்து மணிக்குத்தான் ஊரே கண்ணாடி டம்ளரைக் கையில் எடுக்கிறது. இரண்டாவது பன்னும் சாப்பிட்டேன்.

மறுநாள் காரமடை. வீட்டு வாசலிலேயே கவிதாவின் அம்மா சரோஜா கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க கண்ணு, வாங்க. பஸ்ஸுல சீட்டுக் கெடச்சுதுங்களா? மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாம்.” அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். கொங்கு நாட்டில் விருந்தாளிக்கு முதலில் பசி இருந்தாக வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

அப்பா ரங்கசாமி போர்வெல் மோட்டார் மெக்கானிக். வீட்டுப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை, உள்ளே நீளநீளமான நீர்மூழ்கி மோட்டார்கள், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. அறுபதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. “வாங்க அம்மணி. மழை உண்டுங்களா உங்கூர்ல?” என்று கேட்டார். கவிதாவின் பெயரை எடுத்ததும் ஸ்பேனரைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சரோஜாம்மாவுக்கும் மகளுக்கும் வீடியோ பேச்சு. அது நடக்கும்போது ரங்கசாமி கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தார். நாற்பது நிமிடமும் ஒரே பக்கம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பேச்சு முடிந்ததும் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கவிதா சொன்னது பொய்யில்லை. செய்தித்தாள் கீழே போய்விட்டது.

“இதுங்களா அது?” கையில் வாங்கி எடை பார்த்தார். மூடியின் இடுக்கை நகத்தால் தடவினார். பராமரிப்பு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாதம் ஒரு முறை சோதனைப் பட்டனை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு மின்னினால் நலம். அதற்கு மேல் அழுத்தி விளையாடினால் பேட்டரி வீணாகும். பின்பக்கம் பேட்டரியின் காலாவதித் தேதி இருக்கிறது, பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை நிஜமாக ஓட்டிவிட்டால் புது பேட்டரி போட்டு முத்திரை வைத்துத் தருவார்கள், கவிதாவும் அப்படிச் செய்திருக்கிறாள். ஆன்டெனாவை மட்டும் ஆபத்து இல்லாமல் நிமிர்த்தவே கூடாது.

சோதனைப் பட்டனை அழுத்திக் காட்டினேன். பச்சை விளக்கு மின்னியது. ரங்கசாமி அதைப் பார்த்த பார்வை, எட்டாம் வகுப்பில் என் கணக்கு வாத்தியார் பார்த்த பார்வை.

“வெளக்கு எரிஞ்சா வெளக்கு நல்லாருக்குதுன்னு அர்த்தமுங்க. மிசின் நல்லாருக்குதுன்னு எப்பிடிச் சொல்றது? நானெல்லாம் காயில் சுத்தி ரீவைண்டிங் பண்ணுன மோட்டாரைத் தொட்டியில எறக்கி, ஒரு மணி நேரம் தண்ணி எறைக்க வெச்சு லோடுல ஓட்டிப் பாக்காம ஒருத்தருக்கும் குடுத்ததில்லீங்க.”

“இது லோடுல ஓட்டிப் பார்த்ததுதான்பா. பிப்ரவரியில ஓடுச்சே.”

அவர் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். பதிவு விவரத்தைச் சொல்லப் போய், அதில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பெயர்களும் இருக்கும், அன்றைக்கு மீட்பு மையத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அவள் போன பாதையைக் கேட்டார்கள் என்றும் உளறிவிட்டேன். எரிகிற தீயில் எண்ணெய்.

“அதத்தானுங்க நானும் சொல்றேன்” என்றார். குரல் உயரவில்லை. “பள்ளத்துல கால் ஒடஞ்சு கெடக்கறா. கவுருமெண்டுக்குத் தெரியுது. ஹெலிகாப்டர் ஓட்டறவனுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியுது. பெத்தவனுக்கு மத்தியானச் சோத்துக்குத்தான் தெரியுது. நான் எதுக்குங்க இருக்கறேன்?”

அவருடைய கோபம் மலை ஏறியதற்கு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கவிதாவுக்கும் அதுவரை புரிந்திருக்கவில்லை என்றே நினைத்தேன். அன்றிரவு எனக்குக் கொள்ளுப் பருப்பு இறங்கவில்லை. அவ்வளவு நல்ல கொள்ளுப் பருப்பு.

மூன்றாம் நாள் சரோஜாம்மா என்னைச் சென்னிமலைக்கு இழுத்துக்கொண்டு போனார். மகளுக்கு அங்கே குளிர்கிறதாம், நல்ல தறிப் போர்வையாக இரண்டு அனுப்ப வேண்டுமாம். கிறைஸ்ட்சர்ச்சில் மின்சாரப் போர்வை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “கரண்டுப் போர்வையைப் போத்திட்டு எப்பிடிங்க தூங்கறது, பயமா இருக்காதுங்களா?” என்றார்.

பேச்சுச் சுவாரசியத்தில் நாங்கள் ஏறியது, சென்னிமலைக்கு இறங்க வேண்டிய பெருந்துறையில் நிற்காத ஈரோட்டு பஸ். சீட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. நடத்துனர் நெற்றியில் கை வைத்தார். “ஏனுங்கம்மா, ஏறும்போதே ஒரு வார்த்தை கேக்கறதில்லீங்களா?”

“நீங்களுந்தான் ஒரு வார்த்தை சொல்றதில்லீங்களா?” என்றார் சரோஜாம்மா, அதே மரியாதையுடன்.

பஸ்ஸில் பாதிப் பேர் இந்த வழக்கில் வாதாடினார்கள். கடைசியில் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து எங்களை இறக்கிவிட்டார். ஆனி மாதக் காற்று புழுதியை முகத்தில் அறைந்தது. கால் மணி நேரம் நின்றபின் நூல் கோன் ஏற்றிய ஒரு மினி வேன் நின்றது. ஓட்டுநர் முன் சீட்டில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். நான் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை, அங்கே மழை எப்படி என்று மட்டும் கேட்டார். நியூசிலாந்தின் மழையளவை இந்த இரண்டு நாளில் நான்கு பேருக்குச் சொல்லியிருந்தேன்.

போர்வை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சரோஜாம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினார். “வீட்டுக்கு வீடு வாசப்படிதானுங்க கண்ணு. இருந்தாலும் நாலு மாசமுங்க. வெடியால எந்திரிச்சு அவ போட்டோவைப் பாக்கறாரு. நான் பாத்தா, மணி பாக்கற மாதிரி போனைத் திருப்பிக்கறாரு. ஒரு தடவை பேசிட்டாப் போதுமுங்க. திட்டுனாலும் பரவால்ல.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது காற்றுக்காக என்று நான் நம்புவதாகக் காட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை. மதியம் எனக்குத் தூத்துக்குடி போக பஸ். சந்தவையும் தேங்காய்ப் பாலுமாக அமர்ந்திருந்தேன். சந்தவை என்பது எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு இங்கே அக்கா முறை. வாசலில் ஏதோ விட்டு விட்டு மின்னுவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மஞ்சள் பெட்டி. முத்திரை உடைந்திருந்தது. ஆன்டெனா வானத்தைப் பார்த்து நின்றது. வெள்ளை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரங்கசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“அப்பா! என்ன பண்ணீங்க?”

“லோடுல போட்டிருக்கறேனுங்க. எம்பொண்ணு கையில திரும்பப் போற மிசினு. பச்ச வெளக்கை நம்பிக் குடுத்தனுப்ப முடியுங்களா? ஆறு நிமிசம் ஆச்சு. ஹீட் ஆகுல, நல்லாத்தான் ஓடுது. பத்து நிமிசம் ஆகட்டுமுங்க.”

கை கழுவக்கூட இல்லை, ஓடினேன். அது ஓட்டிப் பார்க்கிற மோட்டார் இல்லை, இந்நேரம் உலகத்தின் அந்தக் கோடியில் மணி அடித்திருக்கும் என்று கத்தினேன். தேங்காய்ப் பால் கையோடு பெட்டியைப் பிடுங்கி அணைத்து ஆன்டெனாவை மடித்தேன். இப்போது உடனே மீட்பு மையத்தைக் கூப்பிட்டுத் தவறாக நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எண் பெட்டியின் பின்னால் இருந்தது. என் போன் உள்ளே இருந்தது.

அதற்குள் ரங்கசாமியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், கட் செய்தார். “வெளிநாட்டு நம்பருங்க. ஃபிராடு. எடுத்தா பேங்க்குல இருக்கறதெல்லாம் போயிருமுன்னு தெனமும் சொல்றாங்கல்லங்க.”

மறுபடி அடித்தது. அவர் கட்டைவிரல் சிவப்புக்குப் போகும்போது நான் திரையைப் பார்த்தேன். அறுபத்து நான்கில் ஆரம்பிக்கும் எண். அது நியூசிலாந்து. போனை அவரிடமிருந்து ஏறக்குறையப் பறித்தேன்.

ஒரு பெண் குரல், நிதானமாக இருந்தது. மீட்பு மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். கவிதாவின் பீக்கன் தென்னிந்தியாவில் ஓர் இடத்திலிருந்து ஒலித்தது, கவிதாவின் எண்ணில் பதில் இல்லை, அங்கே எல்லோரும் பத்திரமா என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். தெரியாமல் போட்டுவிடுகிறவர்கள் நிறைய, உண்மையைச் சொன்னால் போதும், இந்தியாவில் உள்ள மையத்துக்கும் தாங்களே சொல்லிவிடுவோம் என்றாள். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அவள் சொன்னாள்: “இன்னொன்று. பதிவில் முதல் தொடர்பு எண் இதுதான். பிப்ரவரியில் மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எண் சரிதானா என்று உறுதிசெய்ய வேண்டும்.”

“சரியான எண்தான்” என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

“என்னங்க சொன்னாங்க?” என்றார் ரங்கசாமி. “பிப்ரவரின்னு போன்ல கேட்டுதுங்களே.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாலு மாதமாக இந்த மனிதர் தப்பான ஒன்றை நம்பிக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

“கவிதா உங்க பேரைத்தான் முதல்ல கொடுத்திருக்கா அப்பா. அன்னிக்கு அவங்க முதல்ல உங்களைத்தான் கூப்பிட்டிருக்காங்க. மூணு தடவை. நீங்க எடுக்காததால அடுத்து என்னைக் கூப்பிட்டாங்க.”

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சரோஜாம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

“சிறுமுகைல ஒரு தோட்டத்துல மோட்டாரைத் தூக்கிட்டிருந்தனுங்க” என்றார் மெதுவாக. “வெடியால ஏழு மணி இருக்கும். கையெல்லாம் கிரீஸு. மூணு தடவை அடிச்சுதுங்க. மூணாவது தடவை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக் கட் பண்ணிப்போட்டேன். ஃபிராடுப் பசங்கன்னு தோட்டத்துக்காரருகிட்டச் சொல்லிச் சிரிச்சனுங்க அம்மணி. அங்க அவ...”

ஹெலிகாப்டர் யார் போன் எடுப்பதற்காகவும் காத்திருக்காது, ஐந்து நிமிடத்தில் நான் எடுத்துவிட்டேன், ஒரு குறையும் வரவில்லை என்றேன். உண்மையும் அதுதான். அவர் தலையை ஆட்டினார். என் சமாதானம் அவர் காதில் ஏறவில்லை என்பது தெரிந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது. அந்த எண்ணை நானாக இருந்தாலும் கட் செய்திருப்பேன்.

உள்ளே என் போன் அடித்தது. கவிதா. ஆய்வகத்தில் போனை லாக்கரில் வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். இப்போது எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

“அக்கா, ரெஸ்க்யூல இருந்து ரெண்டு கால் வந்துருக்குது. பெட்டி எங்கூட்டுலதான இருக்குது? அப்பாவுக்கு என்னாச்சு? சொல்லுங்கக்கா, அப்பாவுக்கு என்னாச்சு?” மூச்சு வாங்கப் பேசினாள்.

நான் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய், ஸ்பீக்கரைப் போட்டு, போனை ரங்கசாமியிடம் நீட்டினேன். அவர் கையை வேட்டியில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினார்.

“எனக்கொண்ணுமில்ல கண்ணு. நாந்தான் மிசினை ஓட்டிப் பாத்தேன்.”

கவிதாவுக்கு அது நாலு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

“அன்னைக்கு அவங்க கூப்புட்டப்ப நாந்தான் கட் பண்ணிப்போட்டேன்” என்றார்.

“தெரியுங்கப்பா. ஆசுபத்திரியிலயே சொன்னாங்க.”

“ஏஞ் சொல்லுல?”

“சொன்னா நீங்க சோத்துல கை வெக்க மாட்டீங்க. எம்மேல கோவமா இருந்தாலாவது சாப்புடுவீங்கல்லங்க.”

சரோஜாம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். ரங்கசாமி தரையைப் பார்த்தபடி கேட்டார். “அப்பறம் எதுக்குக் கண்ணு எம்பேரை இன்னும் அங்கயே வெச்சிருக்கற? எடுக்காதவன் பேரு.”

“பேட்டரி மாத்துனப்ப மறுபடியும் எழுதச் சொன்னாங்கப்பா. பேரை மாத்தறதுன்னா மாத்திக்கலாம்னாங்க. மொதல்ல வேற யாரு பேரைங்க எழுதறது?”

அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார், ஸ்பீக்கரில் இருப்பதுகூட மறந்துவிட்டது. காற்றில் தகரக் கொட்டகை படபடத்தது. அந்தப் பக்கம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

“அப்பா? அப்பா, இருக்கறீங்களா?”

“இருக்கறேன் கண்ணு,” என்றார். “சொல்லு.”